சேற்றில் பிறந்த சொல்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஒரு மகாராசா நடந்தார். நடந்ததெல்லாம் ஒரு கதையா என்று கேட்பீர்கள். மற்ற நாட்டு ராசாக்கள் படையெடுத்தார்கள், கோட்டை கட்டினார்கள், குளம் வெட்டினார்கள். அதிவீரகேது மகாராசா நடந்தார். அந்த நாட்டில் அதைத்தான் பெரிய காரியமாக வைத்திருந்தார்கள்.

அரண்மனை வாசலிலிருந்து கொலுமண்டபம் வரைக்கும் தினமும் காலையில் ஆற்று மணலைச் சலித்துப் பரப்புவார்கள். மகாராசா வெறுங்காலோடு அதன்மேல் நடப்பார். அவர் பின்னால் பிரதானி, சேனாதிபதி, ஆஸ்தானப் புலவர் என்று நாற்பத்திரண்டு பேர் வரிசையாக வருவார்கள். மகாராசாவின் கால் பதிந்த தடத்திலேயே அத்தனை பேரும் கால் வைக்க வேண்டும். ஒரு விரல்கூட வெளியே போகக் கூடாது. இதற்குச் சுவடு மரியாதை என்று பெயர். யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததனாலேயே அதை யாரும் மாற்றவில்லை.

மகாராசா நெட்டையானவர், எட்டி நடப்பார். அவருக்கு அடுத்தபடியாக வரும் பிரதானி தில்லைநாயகம் குட்டையானவர். ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு அவர் தவளை மாதிரி தாவித்தான் போக வேண்டும். தாவும்போதும் அவர் முகத்தில் பக்தி குறையாது. ஒருநாள் மண்டபத்துப் படியில் மகாராசாவுக்குக் கால் லேசாக இடறியது. அன்று நாற்பத்திரண்டு பேரும் அதே படியில் இடறினார்கள். மறுநாள் மகாராசா இடறவில்லை, ஆனாலும் அவர்கள் இடறினார்கள். அது மரியாதையோடு சேர்ந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் சேராமல் மணலுக்கு ஓரமாகத் தன்பாட்டுக்கு நடந்து வருகிற ஆள் ஒருவன் இருந்தான். சபையில் விகடம் பேசுகிற குப்பாண்டி. அவனுக்குக் கால் பெரிது. மகாராசாவின் தடத்தில் அவன் கால் வைத்தால் தடம் இருந்த இடம் தெரியாது. "பின்னால் வருகிறவர்களுக்கு வழி இல்லாமல் போய்விடுமே, மகாராசா" என்று ஒருமுறை சொல்லி ஓரமாக நடக்க உத்தரவு வாங்கியிருந்தான். பிரதானிக்கு இது கண்ணில் விழுந்த தூசி. தான் மூச்சு வாங்கத் தாவும்போது ஒருவன் பக்கத்தில் கைவீசி நடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒருநாள் கொலுவில் மகாராசாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருக்கு யோசனை தோன்றினால் யாராவது ஒருவருக்குத் தூக்கம் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் சபை அடங்கியது.

"எல்லோரும் என்னிடம் பேச வாயெடுத்தால் அடியேன், அடியேன் என்கிறீர்கள். இன்று காலையிலிருந்து எண்ணினேன். நூற்றுப் பதினேழு முறை. அடியான் என்கிற இந்தச் சொல் எங்கே பிறந்தது? அதன் மெய்யான பொருள் என்ன? விளங்கச் சொல்பவருக்கு மெய்யடியான் என்ற பட்டமும், சிங்காதனத்துக்கு வலப்பக்கத்தில் ஆசனமும் உண்டு."

ஆஸ்தானப் புலவர் முதலில் எழுந்தார். அரை நாழிகை பேசினார். அடியின் கீழ் அடங்கிக் கிடப்பவனே அடியான் என்பது கடைசியில் தெரியவந்தது. அதற்குள் சேனாதிபதி கண்மூடித் தியானத்தில் இருந்தார். தியானத்தில் லேசாகக் குறட்டையும் வந்தது.

பிரதானி எழுந்தார். "மகாராசா, புலவர் பெருமான் நூலைப் பார்த்துச் சொன்னார். அடியேன் நேரில் பார்த்துச் சொல்கிறேன். அந்தச் சொல் பிறந்தது தங்கள் திருவடியில்தான்."

மகாராசாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனாலும் கேட்டார். "என் பாட்டனார் காலத்திலும் இந்தச் சொல் வழங்கியதே, பிரதானியாரே?"

"தாங்கள் அவதரிக்கப் போவதை அறிந்து அது முன்கூட்டியே பிறந்துவிட்டது, மகாராசா."

சபையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். குப்பாண்டி மட்டும் சிரித்துவிட்டான். அடக்கத்தான் பார்த்தான், முடியவில்லை. மேல்துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தான்.

பிரதானி இதற்குத்தான் ஒரு வருஷமாகக் காத்திருந்தார். "மகாராசா, சிரிக்கிறவர் நம்மைவிட அறிந்தவராக இருக்க வேண்டும். தங்கள் சுவட்டில் ஒருநாளும் கால் வைக்காதவர் அடியானைப் பற்றி என்னதான் அறிந்திருக்கிறார் என்று சபை தெரிந்துகொள்ள வேண்டாமா? சொல் பிறந்த இடத்தை அவர் காட்டட்டும். மெய்யான அடியான் ஒருவனைக் கண்முன்னால் நிறுத்தட்டும். முடியாவிட்டால், தங்களைப் பின்பற்றாதவருக்குத் தங்கள் நாட்டில் என்ன வேலை?"

தன் திருவடியைப் பற்றிய பேச்சில் ஒருவன் சிரித்தது மகாராசாவுக்கும் சுருக்கென்று தைத்திருந்தது. "ஐந்து நாள் தருகிறேன், குப்பாண்டி. இடத்தைக் காட்டு, ஆளையும் காட்டு. இல்லையென்றால் ஆறாம் நாள் எல்லையைத் தாண்டிப் போய்விடு" என்றார்.

குப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி ராமாயி கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, சிரிக்காம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம். அந்த ஆளு சொன்னத நீ கேட்டிருந்தா நீயும் சிரிச்சிருப்ப."

"நான் வீட்டுக்கு வந்து சிரிச்சிருப்பேன்" என்றாள் ராமாயி.

குப்பாண்டி செம்பை எடுத்து மிச்சத் தண்ணீரைச் செடிக்கு விட்டான். சபைக்கு வெளியே அவன் அப்படியொன்றும் வாய்வீரன் இல்லை. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில். இந்தக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அவன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லைக்கு அந்தப்பக்கம் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்க யார் இருக்கிறார்கள்? அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. சோறு இறங்கவில்லை.

மூன்று நாள் அவன் அலைந்தான். மடத்துத் தம்பிரானைக் கேட்டான். நிகண்டு படிக்கிறவரைக் கேட்டான். ஆளுக்கு ஒரு பொருள் சொன்னார்கள். எல்லாம் கேட்க நன்றாக இருந்தன. கைநீட்டி இதுதான் என்று காட்டும்படி ஒன்றும் இல்லை.

நாலாம் நாள் ஊருக்கு வெளியே பெரிய ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தான். கோடைக்காலம். தண்ணீர் வற்றி ஏரி முழுக்க மேலே காய்ந்து வெடித்திருந்தது. பார்க்கக் களம் மாதிரி கெட்டியாக இருக்கும். கால் வைத்தால் உள்ளே உளைச்சேறு. ஏரி நடுவில் ஒரு மண்திட்டும் அதில் ஒரு பழைய மண்டபமும் இருந்தன. அந்தச் சேற்றுக்கு நடுவே ஒரு பெண் முறத்தை இடுக்கிக்கொண்டு வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல் நடந்துபோனாள். கொட்டிக்கிழங்கு தோண்டி விற்கிற வெள்ளச்சி அவள்.

குப்பாண்டி அவளைக் கூப்பிட நாலு எட்டு இறங்கினான். ஐந்தாம் எட்டில் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. வெள்ளச்சி திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, அசையாதீங்க. பயப்படவும் வேணாம். சேறு இடுப்புக்கு மேல போவாது. பயந்தான் தலைக்கு மேல போவும்."

கைகொடுத்து இழுத்தாள். பிறகு முன்னால் நடந்தாள். "கோரை முளைச்ச எடத்துல வேர் தாங்கும், மத்த எடம் வாங்கும். ஒங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நான் கால் வச்ச எடத்துலயே வச்சு வாங்க. அங்க இங்க பாக்காதீங்க."

அவன் பார்க்கவில்லை. அவள் காலை மட்டும் பார்த்துக்கொண்டு திட்டு வரைக்கும் போனான். அதேபோலத் திரும்பியும் வந்தான். கரையேறியபோது அவன் முகம் தெளிந்திருந்தது. "நாளைக்கும் இங்கதான தோண்டுவ, வெள்ளச்சி?" என்று மட்டும் கேட்டுவைத்தான். அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

ஐந்தாம் நாள் சபையில் அவன் கைகூப்பி நின்றான். "மகாராசா, அடியான் என்கிற சொல் பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். பெரிய ஏரி நடுவில் இருக்கிற மண்டபத்துக்குப் போகிற வழியில் அது பிறந்தது. ஆளும் அங்கேதான் கிடைப்பான். ஆனால் பல்லக்கில் போனால் தெரியாது. தாங்கள் நடந்து வர வேண்டும்."

நடப்பது என்றதும் மகாராசா எழுந்துவிட்டார். "ஏரியில் மணல் பரப்பச் சொல்லட்டுமா?" என்று பிரதானி அவசரமாகக் கேட்டார். "வேண்டாம். இருக்கிறபடியே பார்ப்போம்" என்றார் மகாராசா.

கரையில் நின்று பார்த்தபோது ஏரி வெகு சாதுவாக இருந்தது. மகாராசா இறங்கினார். காய்ந்த மண் மேல் மெல்லிய தடம் விழுந்தது. பிரதானி அந்தத் தடத்தில் தாவினார். அவருக்குப் பின்னால் நாற்பத்தொரு பேரும் வரிசை கலையாமல் இறங்கினார்கள். குப்பாண்டி வழக்கம்போல் ஓரமாக, கோரை முளைத்த இடம் பார்த்து நடந்தான்.

பன்னிரண்டாம் எட்டில் மகாராசாவின் வலது கால் கணுக்கால் வரை இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினார். அது முழங்கால் வரை இறங்கியது. மகாராசா அதற்குமுன் எங்கேயும் நின்றுபோனதில்லை. அவருக்கு முதலில் புரியவே இல்லை.

"பிரதானியாரே, கை கொடும்" என்றார்.

பிரதானி இரண்டு எட்டுப் பின்னால் கெட்டியான தடத்தில் நின்றார். அவர் கண்ணில் நீர் தளும்பியது. அது பொய்யில்லை, அவருக்கு மெய்யாகவே சங்கடமாக இருந்தது. "அடியேன் ஓடிவரக் காத்திருக்கிறேன், மகாராசா. ஆனால் தாங்கள் இன்னும் காலை எடுக்கவில்லை. தாங்கள் காலை எடுத்தால்தான் தடம். தடம் இருந்தால்தான் அடியேன் கால் வைக்க முடியும்."

"பக்கத்தில் கால் வைத்து வாருமே."

"தங்கள் தடத்தை விட்டு வெளியே கால் வைப்பதா? முப்பது வருஷத்தில் அடியேன் அப்படியொரு பாவம் செய்ததில்லை."

பின்னால் சேனாதிபதி புலவரைக் கேட்டார். திரும்பிப் போய்க் கயிறு கொண்டுவரலாமே என்றார். மகாராசாவுக்கு முதுகு காட்டுவது மரியாதை இல்லையே என்றார் புலவர். முதுகு காட்டாமல் பின்பக்கமாக நடக்கலாம் என்று ஒருவர் கண்டுபிடித்தார். உடனே வாலிலிருந்து ஒவ்வொருவராக, மகாராசாவைக் கும்பிட்டபடியே, வந்த தடத்தில் பின்பக்கமாகக் கால் வைத்துக் கரையேற ஆரம்பித்தார்கள். இப்படியொரு ஒழுங்கை எந்தச் சேனையிலும் பார்க்க முடியாது. கரையேறியதும் கயிற்றை யார் கொண்டுவருவது என்று பதவி வரிசைப்படி பேசத் தொடங்கினார்கள். அதில் கீழ்ப்பதவிக்காரர் யார் என்பதை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

சேறு மகாராசாவின் தொடைக்கு வந்துவிட்டது.

அப்போது ஓரத்தில் நின்ற குப்பாண்டி கைதட்டிக் கூப்பிட, முறத்தோடு வெள்ளச்சி வந்தாள். கணுக்கால் சேற்றில் இருந்திருந்தால் மகாராசா அவளை "ஏய்" என்றிருப்பார். முழங்கால் அளவில் "பெண்ணே" என்றிருப்பார். தொடை வரைக்கும் இறங்கியிருந்ததால் "தாயே" என்றார்.

"தவிக்காதீங்க சாமி. தவிச்சா இன்னும் வாங்கும். முறத்த நெஞ்சோட அணைச்சு அது மேல சாய்ஞ்சுக்கோங்க. ஒரு கால மெதுவா ஆட்டி எடுங்க" என்றாள். குப்பாண்டியும் அவளும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்தார்கள். சேறு ஒரு சத்தத்தோடு மகாராசாவை விட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரிக்க அன்று யாருக்கும் துணிவில்லை, குப்பாண்டிக்குக்கூட.

"திட்டு பக்கந்தான். அங்க போயிருவம். நான் கால் வச்ச எடத்துலயே கால வையுங்க சாமி. வேற எங்கயும் பாக்க வேணாம்."

வெள்ளச்சி முன்னால் நடந்தாள். மகாராசா பின்னால் நடந்தார். அவள் குள்ளம். எட்டி வைத்தே பழகியவர் அவளுடைய சின்னத் தடங்களில் காலைக் குறுக்கிக் குறுக்கி வைத்தார். அவள் நின்றால் நின்றார். அவள் வளைந்தால் வளைந்தார். அவள் அடுத்த காலை எங்கே வைக்கிறாள் என்பதைத் தவிர அவருக்கு அப்போது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

திட்டில் ஏறி, மண்டபத்துப் படியில் உட்கார்ந்து, மூச்சு வந்தபிறகு மகாராசாவுக்குக் கோபமும் வந்தது. "எங்கேயடா உன் சொல்? எங்கே உன் அடியான்? என்னைச் சேற்றில் இறக்கத்தான் கூட்டிவந்தாயா?"

குப்பாண்டி கைகூப்பினான். சொல்லவேண்டியதைச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டாலும் எல்லைதான்.

"மகாராசா, பயணம் போக வேண்டிய ஒருவன் இருந்தான். அவனுக்கு வழி தெரியாது. வழி தெரிந்த ஒருவர் முன்னால் நடந்தார். இவன் தன் கௌரவத்தைக் கரையில் வைத்துவிட்டு, அவர் காலை மட்டும் பார்த்து, அந்த அடியில் தன் அடியை வைத்துப் போய்ச் சேர்ந்தான். அப்படிப்பட்டவனை என்னவென்று சொல்வது என்று பார்த்தவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அடியின் கீழே சும்மா கிடக்கிறவனுக்குப் பெயர் எதற்கு? அவன்தான் எங்கேயும் போகவில்லையே. இதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. நேற்று இதே வழியில் நானே வந்தேன். அப்போதுதான் விளங்கியது."

"ஆள் எங்கே?"

"என்னிடம் கேட்டது மெய்யான அடியான் ஒருவனை, மகாராசா. இந்த நாட்டில் இன்று நான் பார்த்தது ஒருவரைத்தான். அவர் தொடை வரைக்கும் சேறோடு இந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறார்."

மகாராசா அவனைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகு சேற்றில் வந்த வழியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "தீர்ப்பு நாளைக் காலை சபையில்" என்று மட்டும் சொன்னார். வெள்ளச்சியிடம் திரும்பி, "நீயும் வந்துவிடு, தாயே" என்றார். வெளியே கெட்டி மண்ணுக்கு வந்தபிறகும் அவர் அந்தத் தாயே என்பதை மாற்றவில்லை.

அன்று மாலை ராமாயி பானை சட்டியெல்லாம் மூட்டை கட்டினாள். "ராசாவ அடியான்னு சொன்னீங்களா? அவர் மூஞ்சிக்கு நேராவா?" என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஆமாம் என்றான். அதற்குப்பிறகு அவள் அம்மிக்கல்லையும் கட்டினாள்.

மறுநாள் சபையில் மகாராசா வந்து அமர்ந்து பார்த்தார். பிரதானியின் முழங்கால் வரை சேறு. சேனாதிபதிக்குத் தொடை வரை. ஆஸ்தானப் புலவர் ஒரு படி மேலே போய் இடுப்பு வரைக்கும் பூசியிருந்தார். நாற்பத்திரண்டு பேரும் சேறோடு வரிசையாக நின்றார்கள். குப்பாண்டி மட்டும் கால் கழுவி வந்திருந்தான்.

"இது என்ன கோலம்?" என்றார் மகாராசா.

பிரதானி கைகட்டினார். "தங்கள் திருவடி சேறுபட்டபின் எங்கள் கால்கள் சுத்தமாக இருப்பது தகுமா? நேற்று மாலையே ஏரிக்குப் போய், தங்களைத் தொட்ட அந்தப் புண்ணியச் சேற்றைப் பூசிக்கொண்டோம். பாருங்கள், குப்பாண்டி கால் எவ்வளவு சுத்தம். பின்பற்றத் தெரியாதவன் யார் என்று சபைக்கே தெரிகிறது."

மகாராசா குப்பாண்டியைப் பார்த்தார்.

"சேறோடு வந்தால் வீட்டுக்குள் விட மாட்டேன் என்றாள் என் மனைவி, மகாராசா. இன்னும் அந்த வீடு என்னுடையதுதானா என்று தெரியாததனால் கழுவிவிட்டேன்" என்றான் அவன். அவன் குரல் நடுங்கியது. அது விகடத்துக்காக நடுங்கியதில்லை.

ஓரத்தில் நின்ற வெள்ளச்சி பிரதானியின் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு புலவரின் இடுப்பைப் பார்த்தாள். அவளுக்குச் சபை வழக்கம் தெரியாது, சேறு தெரியும்.

"சாமி, இது ஏரிச் சேறு இல்லீங்க. ஏரிச் சேறு கருப்பா இருக்கும், நாலு நாளைக்கு நாறும். இது செவப்பு. ஏதோ வீட்டுக் கொல்லையில வாழைக்குப் பாய்ச்சின மண்ண கொழைச்சுப் பூசியிருக்காங்க. கொஞ்சம் சந்தன வாசங்கூட வருது."

மகாராசாவின் உதடு முதலில் துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் அவர் சிங்காதனத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவர்களில் சிலருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

"வெள்ளச்சி, ஏரிச் சேறு காயும்வரை இவர்கள் எல்லோரும் உன்னோடு கிழங்கு தோண்டட்டும். முன்னால் நீ நட. தவறிக் கால் வைத்தால் இழுக்க அவசரப்படாதே" என்றார் மகாராசா. "ஏரியும் திட்டும் இனி உன்னுடையவை."

பிறகு குப்பாண்டியைக் கூப்பிட்டார். தன் மேலிருந்த பட்டுப் போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். "உன் வீடு உன்னுடையதுதான். அதை ஒட்டிய அரண்மனைத் தோட்டத்தையும் எடுத்துக்கொள். வலப்பக்கத்து ஆசனமும் உனக்கே."

"மெய்யடியான் பட்டம், மகாராசா?" என்று குழைத்த மண்ணோடு நின்ற பிரதானி ஆசை விடாமல் கேட்டார்.

"அதை நானே வைத்துக்கொள்கிறேன், பிரதானியாரே. இந்தச் சபையில் அதற்காகச் சேற்றில் இறங்கியவன் நான் ஒருவன்தான்."